ஆற்றங்கரைப் பாதையில் அறப்பணி மாரத்தான்: ஓட்ட நாள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஓடிய மாரத்தான்களைவிடத் தண்ணீர் மேசையிலும் பிப் (ஓடுகிறவர் சட்டையில் குத்திக்கொள்ளும் எண் அட்டை) வழங்கும் இடத்திலும் நின்ற மாரத்தான்கள் அதிகம். ஆற்றையொட்டிய பாதையில் நடக்கும் நன்கொடை ஓட்டங்களில் முந்தின நாளும் அன்று விடியற்காலையும் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நேரம், நுழைவாயில் போன்ற விவரங்கள் ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும். அவற்றை உங்கள் ஏற்பாட்டாளர்கள் அனுப்பிய தாளில் பாருங்கள்.

சாலை மாரத்தானுக்கும் ஆற்றங்கரை மாரத்தானுக்கும் அப்படி என்ன வித்தியாசம்?

ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் கரைமேடு, நடுவில் மூன்று நான்கு ஆள் அகலத்துக்கு ஒரு பாதை. ஓட்ட நாளில் எழும் பிரச்சினைகளில் பாதி இதிலிருந்துதான் வருகின்றன.

சாலையில் ஓடும்போது நூறு அடிக்கு ஒரு குறுக்குத் தெரு வரும். முடியவில்லை என்றால் ஒதுங்கலாம், வண்டி உள்ளே வரலாம், வீட்டார் எங்கே வேண்டுமானாலும் நின்று கையசைக்கலாம். ஆற்றங்கரையில் அப்படி இல்லை. பாலம் வரும் இடத்திலோ, படித்துறை வரும் இடத்திலோ, கரைமேட்டில் சரிவுப்பாதை இருக்கும் இடத்திலோதான் உள்ளே நுழையவும் வெளியேறவும் முடியும். இரண்டு வாயில்களுக்கு நடுவே மூன்று கிலோமீட்டர்கூட இருக்கலாம். தண்ணீர், மருத்துவ உதவி, குப்பை அள்ளும் ஆட்கள் எல்லாமே நீங்கள் ஓடும் அதே பாதையில்தான் வந்தாக வேண்டும்.

அதனால் முந்தின நாள் இரவு ஒரு வேலை செய்யுங்கள். வரைபடத்தை எடுத்து, எந்தெந்தக் கிலோமீட்டரில் வெளியேறும் வழி இருக்கிறது என்று பார்த்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதோடு, ஓட்டம் எந்தக் கரையில் நடக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரு முறை நான் நின்றிருந்த மேசைக்குச் சற்றுத் தள்ளி ஒருவர் மயங்கி விழுந்தார். பக்கத்தில் ஓடியவர் உடனே போன் செய்தார். ‘பாலத்துக்குக் கீழே, ஆற்றோரமாக’ என்று சொன்னார். ஆம்புலன்ஸ் சரியான பாலத்துக்குத்தான் வந்தது, ஆனால் எதிர்க்கரைக்கு. வண்டியின் விளக்கு சுழல்வது எங்களுக்குத் தெரிகிறது, நடுவில் ஆறு. சுற்றி வர மேலும் பதினைந்து நிமிடம் ஆனது. அவர் பிழைத்துக்கொண்டார். அன்றிலிருந்து ஓட வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன்: உதவி கேட்கும்போது கிலோமீட்டர் எண், எந்தக் கரை, கடைசியாகக் கடந்த வாயில், இந்த மூன்றையும் சொல்லுங்கள்.

எத்தனை மணிக்கு வந்து சேர வேண்டும்?

ஓட்டம் தொடங்குவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு. அவ்வளவு எதற்கு என்று தோன்றும். பின்னாலிருந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். தொடக்கக் கோட்டில் பதினைந்து நிமிடம் முன்பே நிற்க வேண்டும். கழிவறை வரிசைக்கு அரை மணி. பையை ஒப்படைக்கப் பத்து நிமிடம். வண்டி நிறுத்தும் இடம் பெரும்பாலும் கரையிலிருந்து தள்ளித்தான் இருக்கும், அங்கிருந்து நடக்க இருபது நிமிடம். மிச்சம் இருப்பது கால் மணிதான். கரைக்கு இறங்கும் சாலை பல இடங்களில் ஒன்றே ஒன்று. எல்லோரும் கடைசி அரை மணியில் வந்தால் அந்த ஒரு சாலை அடைத்துக்கொள்ளும்.

யாராவது உங்களைக் கொண்டுவந்து விடுகிறார்கள் என்றால், இறங்கும் இடத்தை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கக் கோடு வரை வண்டி வராது.

பிப்பை எப்படிக் குத்துவது? அதில் சிப் இருக்கிறதா?

பெரும்பாலான ஓட்டங்களில் பிப்பின் பின்புறம் ஒட்டியிருக்கும் மெல்லிய பட்டைதான் உங்கள் நேரத்தைப் பதிய உதவும் சிப். அதில் பேட்டரி கிடையாது. கோட்டில் விரித்திருக்கும் பாய் அனுப்பும் ரேடியோ அலையை வாங்கி உங்கள் எண்ணைத் திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். அதை மடித்தால் உள்ளே இருக்கும் ஆன்டெனா உடையும். உடம்பில் இருக்கும் நீர் அந்த அலையை உறிஞ்சிவிடும் என்பதால் முதுகில் குத்தினாலோ, ஜாக்கெட்டுக்குள் மறைத்தாலோ, பையின் மேல் கட்டினாலோ பதிவாகாமல் போகலாம். மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவில், முன்பக்கம், நான்கு மூலையிலும் ஊக்கு. சட்டையைப் போட்டுக்கொண்ட பிறகு குத்துங்கள். கழற்றி வைத்துக் குத்தினால் கோணலாகத்தான் வரும், ஓடும்போது துணி இழுத்துக் கிழியும்.

இப்போது பிப்பைத் திருப்புங்கள். பெயர், இரத்தப் பிரிவு, ஒவ்வாமை, அன்றாடம் எடுக்கும் மருந்து, அவசரத் தொடர்பு எண் எல்லாம் நிரப்பும் இடம் அங்கே இருக்கும். பாதிப் பேர் அதை வெறுமையாகவே விட்டுவிடுகிறார்கள். பால்பாயின்ட் பேனாவால் எழுதுங்கள், ஜெல் பேனா மை வியர்வையில் கரைந்துவிடும். தொடர்பு எண்ணாக உங்களோடு ஓடுகிறவரின் எண்ணைக் கொடுக்காதீர்கள். அவர் போன் பைகள் வைக்கும் இடத்தில் மணியடித்துக்கொண்டிருக்கும்.

நண்பரால் வர முடியவில்லை. அவருடைய பிப்பில் நான் ஓடலாமா?

கூடாது. நீங்கள் விழுந்தால் மருத்துவர் படிப்பது அவருடைய இரத்தப் பிரிவையும் அவருடைய ஒவ்வாமையையும். போன் போவது அவர் வீட்டுக்கு. பெயர் மாற்ற வசதி இருந்தால் கடைசித் தேதிக்குள் முறைப்படி மாற்றிக்கொள்ளுங்கள்.

எல்லோரையும் ஒரே நேரத்தில் விடாமல் ஏன் அலை அலையாக அனுப்புகிறார்கள்?

பாதையின் அகலம்தான் காரணம். ஆயிரம் பேரை ஒன்றாக விட்டால் முதல் குறுகலான இடத்தில் நெரிசல், தள்ளுமுள்ளு. ஓரத்தில் ஓடுகிறவர் சரிவில் கால் வைப்பார். அதனால் வேகமானவர்கள் முதலில், சில நிமிட இடைவெளியில் அடுத்தவர்கள். பதிவு செய்யும்போது உங்கள் நேரத்தை உண்மையாகச் சொல்லுங்கள். முன் அலையில் இடம் வேண்டும் என்று குறைத்துச் சொன்னால், முதல் ஐந்து கிலோமீட்டர் முழுக்கப் பின்னால் வருகிறவர்களுக்கு வழிவிட்டுக்கொண்டே ஓட வேண்டியிருக்கும்.

நேரம் வீணாகாது. நீங்கள் தொடக்கப் பாயை மிதித்த நொடியிலிருந்துதான் உங்கள் சிப் நேரம் ஓடும். ஆனால் பரிசுக்கு உரிய முதல் இடங்களைச் சில ஓட்டங்களில் துப்பாக்கி நேரத்தை, அதாவது தொடக்கத் துப்பாக்கி வெடித்ததிலிருந்து எண்ணும் நேரத்தை வைத்து முடிவு செய்வார்கள். பரிசுக்காக ஓடுகிறவர்கள் விதியைப் படித்துவிட்டு முதல் அலையிலேயே நில்லுங்கள்.

போய்த் திரும்பும் பாதை என்றால் இன்னொன்று: திருப்பத்துக்குப் பிறகு எதிரும் புதிருமாக ஓட வேண்டி வரும். எந்தப் பக்கம் ஒதுங்கி ஓட வேண்டும் என்பதை அறிவிப்பில் கவனித்துக் கேளுங்கள். கைகோத்தபடி மூன்று பேர் அடைத்துக்கொண்டு போகாதீர்கள். முந்துவதற்கு முன் ‘வலது பக்கம்’, ‘இடது பக்கம்’ என்று குரல் கொடுங்கள்.

பையை எங்கே வைப்பது?

தொடங்கிய இடத்திலேயே முடியும் ஓட்டம் என்றால் கவலையில்லை. ஓரிடத்தில் தொடங்கி ஆற்றின் போக்கிலேயே போய் வேறிடத்தில் முடிகிறது என்றால், பைகளை வண்டியில் ஏற்றி முடிவிடத்துக்கு அனுப்புவார்கள். அந்த வண்டி கிளம்பும் நேரம் ஓட்டம் தொடங்கும் நேரத்துக்கு முன்னதாகவே இருக்கும், அதைத் தவறவிடாதீர்கள். பையில் மாற்றுச் சட்டை, துண்டு, செருப்பு இருந்தால் போதும். விலை உயர்ந்த பொருள் எதுவும் வேண்டாம். வண்டிச் சாவியை ஒற்றைச் சாவியாகக் கழற்றி உங்கள் கால்சட்டைப் பையிலேயே வையுங்கள்.

கழிவறை?

தொடக்கத்தில் இருக்கும் வரிசையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், சற்றுத் தள்ளி இரண்டாவது தொகுதி இருக்கும். தாளில் பாருங்கள். வழியில் உள்ளவை வாயில்களை ஒட்டித்தான் இருக்கும். ஆற்றோரப் புதர் கழிவறை ஆகாது. அந்தத் தண்ணீரைக் கீழே யாரோ குடிக்கிறார்கள்.

எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும்? ஒவ்வொரு மேசையிலும் கட்டாயம் குடிக்கணுமா?

தாகம் எடுத்தால் குடியுங்கள். எடுக்கவில்லை என்றால் அந்த மேசையைக் கடந்து போகலாம்.

இதைச் சொன்னால் பலர் நம்ப மறுக்கிறார்கள். ‘தாகம் வருவதற்கு முன்பே குடி’ என்றுதான் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். அளவுக்கு மேல் குடித்தால் இரத்தத்தில் உள்ள சோடியம் நீர்த்துப்போகும். 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் இயல்பைவிடக் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்கள், அதாவது வியர்த்ததைவிட அதிகமாகக் குடித்தவர்கள்தான் இதில் அதிகம் சிக்கினார்கள். நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்களிடமும் இது கூடுதலாக இருந்தது. மெதுவாக ஓடுகிறவர் வியர்ப்பது குறைவு, மேசைகளில் நிற்பதற்கு அவருக்கு நேரமும் அதிகம்.

அறிகுறிகள் இவை: குமட்டல், தலைவலி, விரல்கள் வீங்கி மோதிரமும் கடிகாரப் பட்டையும் இறுகுவது, பேச்சில் குழப்பம். இப்படி ஒருவரைப் பார்த்தால் ‘தண்ணி குடிங்க’ என்று பாட்டிலை நீட்டாதீர்கள், மருத்துவக் கூடாரத்துக்கு அழைத்துப் போங்கள். அதேபோல் ஓட்டத்துக்கு முன்போ நடுவிலோ இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் வேண்டவே வேண்டாம். நீண்ட ஓட்டத்தில் சிறுநீரகத்துக்கு ஏற்கனவே இரத்தம் குறைவாகப் போய்க்கொண்டிருக்கும், மாத்திரை அதை இன்னும் குறைக்கும்.

மேசையில் எடுக்கும் முறை: முதல் மேசையில்தான் கூட்டம், கடைசி மேசையில் எடுங்கள். தன்னார்வலர் கோப்பையின் அடியை உள்ளங்கையில் வைத்து நீட்டுவார். நீங்கள் அதன் வாயை மேலிருந்து விரல்களால் கிள்ளினாற்போல் பிடித்தால் தண்ணீர் சிந்தாது, ஒரு மூலை குவிந்து மூக்கு மாதிரி ஆகும், ஓடிக்கொண்டே குடிக்கலாம். குடித்த கோப்பையை அடுத்த ஐம்பது மீட்டருக்குள் இருக்கும் தொட்டியில் போடுங்கள். ஆற்றங்கரையில் காற்று அடித்துக்கொண்டே இருக்கும். தரையில் போட்ட காகிதக் கோப்பை இரண்டு நிமிடத்தில் தண்ணீரில் மிதக்கும். பல ஓட்டங்களில் இப்போது கோப்பையே தருவதில்லை, மடக்கும் கோப்பையை நீங்களே கொண்டுவரச் சொல்கிறார்கள். நல்ல வழக்கம். ஓடும்போது சக்திக்காகச் சாப்பிடும் ஜெல்லின் உறையைக் கிழித்த முனையையும் உறையோடு சேர்த்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் குனிந்து பொறுக்குவதில் பாதி அந்தச் சின்னத் துண்டுகள்தான்.

என் கடிகாரம் 42.8 கிலோமீட்டர் காட்டுகிறது. பாதையை அளந்தது தவறா?

ஒவ்வொரு முறையும், முடிவுக் கோட்டைத் தாண்டிய பத்தாவது நிமிடத்தில் இந்தக் கேள்வி வந்துவிடும். மாரத்தான் 42.195 கிலோமீட்டர். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய தூரம் அது. 1921இல் உலகம் முழுக்க அதுவே நிலையான தூரம் ஆனது.

முறையாக அளக்கும் பாதைகளை இன்றும் சைக்கிளில்தான் அளக்கிறார்கள். முன்சக்கரத்தில் ஒரு எண்ணும் கருவியைப் பொருத்தி, முதலில் நாடாவால் அளந்த ஒரு துண்டில் ஓட்டிச் சக்கரத்தைச் சரிபார்த்து, பிறகு முழுப் பாதையையும் அளப்பார்கள். வளைவுகளில் உள்விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, போகக்கூடிய மிகக் குறுகிய வழியில் ஓட்டுவார்கள். தூரம் குறைந்துவிடக் கூடாது என்பதற்காக ஆயிரத்தில் ஒரு பங்கு கூடுதலாகச் சேர்ப்பார்கள், முழு மாரத்தானுக்கு அது சுமார் 42 மீட்டர். ஆறு நேராகப் போவதில்லை, பாதையும் அதோடு வளையும். ஒவ்வொரு வளைவிலும் நீங்கள் வெளிப்பக்கமாக ஓடினால், யாரையாவது சுற்றிப் போனால், மேசைக்கு ஒதுங்கினால் எல்லாம் கூடிக்கொண்டே போகும்.

மீதிப் பிழை கடிகாரத்துடையது. மரக்கூரைக்கு அடியிலும் பாலத்துக்கு அடியிலும் செயற்கைக்கோள் சிக்னல் தடுமாறும். அப்போது கடிகாரம் நீங்கள் தண்ணீரின்மேல் ஓடியதாகக்கூட வரைந்திருக்கும். அதனால் கடிகாரம் காட்டும் வேகத்தை நம்பிக் கடைசி நேரத்தைத் திட்டமிடாதீர்கள். பாதையோரக் கிலோமீட்டர் பலகைகளில் பொத்தானை நீங்களே அழுத்திக் குறித்துக்கொள்ளுங்கள்.

நேர வரம்புக்குள் முடிக்க முடியாவிட்டால்?

ஆறு மணி நேர வரம்பு என்றால் கிலோமீட்டருக்கு 8 நிமிடம் 32 நொடி. ஏழு மணி நேரம் என்றால் ஏறக்குறைய 10 நிமிடம். நடுவழியிலும் வரம்புகள் இருக்கும். அவை பெரும்பாலும் வாயில் இருக்கும் இடங்களில்தான், ஏனென்றால் அங்கிருந்துதான் உங்களை வண்டியில் ஏற்ற முடியும். கடைசியில் ஒரு தன்னார்வலர் சைக்கிளில் மெதுவாக வருவார். அவர் உங்களைத் தாண்டினால் கவனியுங்கள், அவருக்குப் பின்னால் தண்ணீரும் இல்லை, மருத்துவரும் இல்லை என்று பொருள். அவர் நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள். அவருக்கும் அது வருத்தமான வேலைதான், நான் செய்திருக்கிறேன்.

நீங்களாகவே நிறுத்துவதானால் அடுத்த வாயில் வரை நடந்து வந்து, அங்கே இருப்பவரிடம் பிப் எண்ணைச் சொல்லுங்கள். சொல்லாமல் கரையேறி வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள் உண்டு. ஆற்றோரத்தில் ஒரு எண் கணக்கில் வரவில்லை என்றால் நாங்கள் தண்ணீரைப் பார்க்கத் தொடங்கிவிடுவோம்.

எனக்கு முன்னால் ஒருவர் விழுந்தால் என்ன செய்ய வேண்டும்?

நில்லுங்கள். உங்கள் நேரம் போகட்டும்.

கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் இதயம் நின்றிருக்கலாம். ஒருவரை உதவிக்குப் போன் செய்யச் சொல்லிவிட்டு, நீங்கள் நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளாலும் அழுத்தத் தொடங்குங்கள்: ஐந்து ஆறு சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. இன்னொருவர் அடுத்த மேசையிலிருந்து இதய அதிர்வுக் கருவியை வாங்கிவர ஓடட்டும். இது அரிதாகத்தான் நடக்கும். அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை மாரத்தானும் அரை மாரத்தானும் ஓடிய சுமார் 1 கோடியே 9 லட்சம் பேரைக் கணக்கில் எடுத்த ஆய்வில், இதயம் நின்றது 59 பேருக்கு. பக்கத்தில் இருந்தவர்கள் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்கியவர்களே அதிகம் பிழைத்தார்கள்.

நினைவு இருக்கிறது, ஆனால் உளறுகிறார், தள்ளாடுகிறார், உடம்பு கொதிக்கிறது என்றால் வெப்பத் தாக்கு. உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும். முதலில் குளிர்விக்க வேண்டும், மருத்துவமனை அப்புறம். நிழலுக்கு இழுத்து, மேசையிலுள்ள தண்ணீரை எல்லாம் உடம்பெங்கும் ஊற்றி, விசிறுங்கள். கூடாரத்தில் பனிக்கட்டித் தொட்டி இருந்தால் அதில் இறக்குவார்கள்.

மழை பெய்தால்? ஆற்றில் நீர் ஏறினால்?

மழைக்காக ஓட்டம் நிற்காது. இடி மின்னலுக்கு நிற்கும். நீர்மட்டத்துக்கும் நிற்கும், பாலத்துக்கு அடியில் போகும் தாழ்வான பகுதிகள்தான் முதலில் மூழ்கும். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் மேலே எங்கோ பெய்த மழையில் ஆறு ஏறலாம். அதனால் ‘வானம் தெளிவாகத்தானே இருக்கு’ என்று வாதிட வேண்டாம். அப்படிப்பட்ட நாளில் தூரத்தைக் குறைப்பார்கள், அல்லது வறண்ட பகுதியிலேயே இரண்டு சுற்று விடுவார்கள். முந்தின இரவும் கிளம்பும் முன்பும் செய்தியைப் பாருங்கள்.

மழை இல்லாவிட்டாலும் விடியற்காலையில் மரப்பாலங்கள் பனியில் நனைந்து வழுக்கும். அங்கே எட்டு வைப்பதைச் சுருக்கி, திரும்பாமல் நேராகக் கடந்துவிடுங்கள்.

வீட்டார் எங்கே நின்று பார்க்கலாம்?

வாயில்களை ஒட்டிய இடங்களில். ஓடும் பாதைக்குள் வேண்டாம், ஆற்றுப் பக்கம் கண்டிப்பாக வேண்டாம். ஓட்டத்தைப் பார்க்கிற பெரியவர் குழந்தையைப் பார்க்கமாட்டார். குழந்தையை அழைத்து வருகிறவர்கள், அதைக் கவனிக்க மட்டும் ஒரு ஆளை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

பாட்டுக் கேட்டுக்கொண்டே ஓடலாமா? நாயை அழைத்து வரலாமா?

ஒரு காதை மட்டும் மூடலாம். பின்னாலிருந்து வரும் மருத்துவ சைக்கிளின் மணி மறு காதில் கேட்க வேண்டும். நாய் வேண்டாம்.

கட்டணம் கட்டிவிட்டேன். அதுதானே நன்கொடை?

பெரும்பாலும் இல்லை. பிப், சிப், தண்ணீர், மருத்துவர், காப்பீடு, கழிவறை எல்லாம் நுழைவுக் கட்டணத்திலிருந்துதான். நீங்கள் திரட்டித் தரும் தொகைதான் அறப்பணிக்குப் போகும். எவ்வளவு பங்கு எங்கே போகிறது என்று ஏற்பாட்டாளர்களிடம் கேளுங்கள், கேட்பதில் தவறே இல்லை. நல்ல ஏற்பாட்டாளர் எழுத்திலேயே தருவார். வெள்ளத்தால் ஓட்டம் ரத்தானால் கட்டணம் திரும்பக் கிடைக்காமல் போகலாம். செலவு முன்பே ஆகியிருக்கும். ஆனால் திரட்டிய நன்கொடை அப்படியே போய்ச் சேரும். ஓட்டம் முடிந்த பிறகும் சில வாரங்கள் திரட்டலாம். ‘முடித்துவிட்டேன்’ என்று பதக்கத்தோடு படம் அனுப்பும்போதுதான் தள்ளிப்போட்டவர்கள் பணம் கொடுப்பார்கள்.

முடிவுக் கோட்டைத் தாண்டியதும்?

நிற்காதீர்கள், உட்காராதீர்கள். பத்து நிமிடமாவது நடங்கள். ஓடும்போது கால் தசைகள்தான் இரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருந்தன. சட்டென்று நின்றால் இரத்தம் காலிலேயே தேங்கி, தலை சுற்றி விழுவீர்கள். கோட்டுக்கு அப்புறம் விழுகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இதுதான் நடக்கிறது. காலைச் சற்று உயர்த்திப் படுக்க வைத்தாலே தெளிந்துவிடுவார்கள்.

ஆறு பக்கத்திலேயே இருக்கிறதே, காலை நனைக்கலாமா?

ஆசையாகத்தான் இருக்கும், எனக்கும் இருந்திருக்கிறது. வேண்டாம். 42 கிலோமீட்டர் ஓடிய கால் பாசிக் கல்லில் நிற்காது, நீரோட்டத்தையும் தாங்காது. விரல்களிலும் குதிகாலிலும் உடைந்த கொப்புளங்கள் இருக்கும், அவற்றின் வழியாக ஆற்று நீரிலிருந்து எலிக்காய்ச்சல் கிருமி நுழையலாம். மருத்துவக் கூடாரத்துக்குப் பின்னால் குளிர்ந்த நீர் வைத்த தொட்டி இருக்கும். அங்கே போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை விடுங்கள்.